டேங்கில் ஊற்றிய ஒரு லிட்டர்

கலப்பட டீசலிலிருந்து லாரியைக் காப்பாற்றிய கைவைத்தியம், புது எஞ்சினின் மூச்சை அடைத்த கதை

டீசல் போடுவதற்கு முன் அவர் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கும் 5 லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். டேங்க் மூடியைத் திறந்து, கண்ணாலேயே அளந்து, சுமார் 1 லிட்டர் எஞ்சின் ஆயிலை உள்ளே விடுவார். அதன் பிறகுதான் பங்க் பையனுக்குத் தலையாட்டுவார். எண்ணெய் முதலில், டீசல் பிறகு. மேலிருந்து கொட்டும் டீசலின் வேகத்தில் இரண்டும் கலந்துவிடும் என்பது கணக்கு. நாமக்கல்லோ நாக்பூரோ, 30 ஆண்டுகளுக்கு மேல் இந்த வரிசை மாறவில்லை.

அவருக்கு இப்போது 62 வயது. நாமக்கல்லை அடுத்த ஒரு கிராமத்துக்காரர். மானாவாரி நிலத்தை நம்பிப் பயனில்லை என்று ஊர் லாரியை நம்பத் தொடங்கிய காலத்தில், 1979இல், 16 வயதில் கிளீனராக ஏறினார். 1986இல் ஸ்டியரிங் கைக்கு வந்தது. 1994இல் பழைய லாரி ஒன்றைக் கடனில் வாங்கினார். நடுவில் மூன்று லாரிகள் மாறின. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு லாரிகள் அவர் பெயரில் இருந்ததில்லை. முதலாளியும் அவர்தான், ஓட்டுநரும் அவர்தான்.

2023 அக்டோபர் முதல் வாரத்தில் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கான்பூருக்குக் கிளம்பினார். நவராத்திரிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. வடக்கே விரதம் இருப்பவர்கள் ஜவ்வரிசி கிச்சடி சாப்பிடுவார்கள். அதற்குள் மூட்டை கடைக்குப் போய்ச் சேர வேண்டும். நாக்பூர் தாண்டி, சிவனியை நோக்கி பெஞ்ச் காட்டை ஊடுருவிச் செல்லும் சாலையில் லாரி இழுக்க மறுத்தது. டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் வந்ததே தவிர வேகம் வரவில்லை. 12 சக்கர லாரி, மாட்டு வண்டியைப் போல நகர்ந்தது. அந்த விளக்கு மூன்று வாரமாகவே விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்ததை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

லாரியை நிறுத்தியது வேறு எதுவும் அல்ல, அந்த 1 லிட்டர்தான். ஆனால் அதே 1 லிட்டர்தான் ஒரு காலத்தில் அவருடைய லாரியை ஓடவும் வைத்தது. இரண்டும் உண்மை என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்குச் சில நாட்கள் பிடித்தன.

அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், அவர் கிளீனராக இருந்த லாரியின் மூத்த ஓட்டுநர். டாடா 1210 வண்டி. மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்ததும் அவர் டீசலை உள்ளங்கையில் விட்டு, விரல்களுக்கு இடையே தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். வழவழப்பு குறைந்து, வாசனை தூக்கலாக இருந்தால் முகம் சுளிக்கும். "சீமெண்ணெய் கலந்துட்டான்டா. பம்பு செத்துரும். அந்த ஆயிலை எடு." கிளீனர் பையன் ஓடிப்போய் எடுத்துவருவான். அதுதான் பாடம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் பதிலுக்குப் பதில் அடிதான் கிடைக்கும்.

அந்த ஓட்டுநர் படித்தவரல்ல. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. டீசல் எஞ்சினின் இதயம் அதன் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பம்ப். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர், அது ஏறி இறங்க ஒரு பேரல். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு நுண்ணியது என்று ஊகிக்கலாம். அதற்குள் எஞ்சின் ஆயில் போகாது. அங்கே உராய்வைத் தணிக்கும் ஒரே மசகு, அதன் வழியே ஓடும் டீசல்தான். டீசலைவிட நீர்த்த மண்ணெண்ணெய் அதில் கலந்தால், மசகு மெலிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். பிளஞ்சரில் கோடு விழும். அழுத்தம் கசியும். ஏற்றத்தில் வண்டி திணறும். பம்பைக் கழற்றி கேலிபரேஷன் கடைக்குக் கொடுத்தால் ஒரு நடையின் லாபம் போய்விடும். அந்த நிலையில் டேங்கில் ஊற்றிய 1 லிட்டர் எண்ணெய், மெலிந்த டீசலுக்குக் கொஞ்சம் வழவழப்பைத் திருப்பிக் கொடுத்தது.

கலப்படம் ஏன் நடந்தது என்பது ரகசியம் அல்ல. ஏழைகளின் விளக்குக்கும் அடுப்புக்கும் என்று ரேஷனில் கொடுத்த மண்ணெண்ணெயின் விலை, 2011 வாக்கில் டீசல் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். அடையாளத்துக்காக அதில் நீல நிறம் சேர்க்கப்பட்டிருந்தது. நிறத்தை நீக்கும் வித்தை தெரிந்தவர்களுக்கு அது பெரிய தடையாக இல்லை. ரேஷன் மண்ணெண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறு வழியில் போய்விடுகிறது என்று 2005இல் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழு மதிப்பிட்டது. 2006இல் கண்ணுக்குத் தெரியாத ரசாயன அடையாளம் ஒன்றை மண்ணெண்ணெயில் சேர்க்கும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தது. அதையும் பிரித்தெடுக்க முடியும் என்ற புகார்களுக்கு நடுவே, சில ஆண்டுகளுக்குள் அது கைவிடப்பட்டது.

இந்த வியாபாரத்தைத் தட்டிக் கேட்டவர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படம் செய்த பங்க்கைச் சோதித்த இந்தியன் ஆயில் அதிகாரி எஸ். மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்தவர். 2011 ஜனவரி 25 அன்று, குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், மகாராஷ்டிரத்தின் மன்மாடு அருகே மாலேகாவ் கூடுதல் மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார். எண்ணெய்த் திருட்டையும் கலப்படத்தையும் நேரில் பார்த்துப் படமெடுக்க முயன்றது அவர் செய்த குற்றம். அந்த வாரம் அவர் மும்பையிலிருந்து வெங்காய லோடு எடுக்க நாசிக் பக்கம் போயிருந்தார். தாபாக்களில் லாரிக்காரர்கள் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஆட்சியருக்கே இந்தக் கதி என்றால், டீசல் சரியில்லை என்று பங்க்கில் ஒரு லாரி ஓட்டுநர் எப்படி வாய் திறப்பார்? "கேக்க முடியாது. ஊத்தத்தான் முடியும்" என்கிறார் அவர்.

அந்த ஒரு வரியில் அவருடைய 30 ஆண்டுகள் அடங்கிவிடுகின்றன. வீட்டுக் கணக்கு நோட்டில் டீசல், டோல், படி, மாமூல் என்று வரிசையாகப் போகும் செலவுகளுக்கு நடுவே "டேங்க் ஆயில்" என்று ஒரு வரி மாதாமாதம் வரும். யாரோ செய்த திருட்டுக்கு அவர் கட்டிவந்த அபராதம் அது.

இதற்கிடையில் டீசல் மாறிக்கொண்டிருந்தது. 1990களின் நடுவில் இந்திய டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது பத்து லட்சம் பங்கில் 10,000. 2000இல் அது 2,500 ஆனது. பாரத் ஸ்டேஜ் விதிகள் படிப்படியாக நாடு முழுவதும் பரவியபோது 2005இல் 500, 2010இல் 350, 2017இல் 50 என்று இறங்கி, 2020 ஏப்ரல் 1 முதல் வெறும் 10 ஆனது. கால் நூற்றாண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. டெல்லியின் புகையும் உச்ச நீதிமன்ற வழக்குகளும் இதற்குப் பின்னால் இருந்த அழுத்தங்களில் சில.

லாரிப் பட்டறைகளில் இந்தச் செய்தி வேறு வடிவத்தில் வந்து சேர்ந்தது. "கந்தகத்தை எடுத்துட்டாங்க, டீசல் வறண்டு போச்சு. இனிமே ஆயில் ஊத்தாம ஓட்டவே முடியாது" என்று பேசிக்கொண்டார்கள். இதிலும் பாதி உண்மை இருந்தது. கந்தகம் தானே மசகு அல்ல. ஆனால் அதை நீக்க, சுத்திகரிப்பு ஆலையில் டீசலை ஹைட்ரஜனோடு சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள். அப்போது உலோகத்தில் ஒட்டிக்கொண்டு அதைக் காக்கும் இயற்கையான கூறுகள் சிலவும் அழிந்துவிடுகின்றன. ஸ்வீடனில் 1990களின் தொடக்கத்தில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வந்தபோது பம்புகள் வரிசையாகப் பழுதாயின. உலகம் பாடம் கற்றது அங்கேதான்.

பட்டறைப் பேச்சில் விட்டுப்போனது மீதிப் பாதி. அந்தப் பாடத்துக்குப் பிறகு, இழந்த வழவழப்பை ஆலையிலேயே திருப்பிச் சேர்க்கத் தொடங்கினார்கள். அதை அளக்க ஒரு சோதனையும் உண்டு. 60 டிகிரி சூட்டில் உள்ள டீசலில் ஒரு சிறு எஃகு உருண்டையை எஃகுத் தட்டின் மேல் 75 நிமிடம் அதிரவிட்டு, உருண்டையில் விழுந்த தேய்மானத் தழும்பை நுண்ணோக்கியில் அளப்பார்கள். இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 1460இன்படி தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. இதற்காகச் சேர்க்கும் மருந்து பத்து லட்சத்தில் நூறு இருநூறு பங்குதான். 350 லிட்டர் டேங்குக்குக் கணக்குப் போட்டால் டீக்கடை கிளாஸில் பாதிகூட நிரம்பாத அளவு. அவர் ஊற்றிய 1 லிட்டரின் வேலையை அந்தச் சிறிதளவு ஏற்கெனவே செய்து முடித்திருந்தது.

2021 கடைசியில் அவர் புது லாரி வாங்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஷோரூம் வண்டி. பாரத் ஸ்டேஜ் 6. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து ஓசூரில் வேலை பார்த்துவந்த மகன், வேலையை விட்டுவிட்டு லாரியின் கணக்கு வழக்குகளைக் கவனிக்க வந்தான். வண்டி வந்த அன்றைக்கே கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினான்.

"அப்பா, இந்த வண்டியில ஆயில் ஊத்தற வேலையெல்லாம் வேண்டாங்கப்பா. டீசல், யூரியாத் தண்ணி, வேற ஒண்ணும் கூடாதுன்னு போட்டிருக்குது."

"செரி கண்ணு."

அவர் சரி என்று சொன்னாரே தவிர, கேனை இறக்கி வைக்கவில்லை. மகனுக்குத் தெரியாமல், வெளி மாநிலத்தில் டீசல் போடும்போதெல்லாம் ஊற்றிவந்தார். அதில் பிடிவாதத்தைவிட அக்கறைதான் அதிகம். பையன் படித்தவன், ஆனால் மன்மாட்டு டீசலை அவன் மோந்து பார்த்ததில்லை. பழைய லாரிக்கே மருந்து கொடுத்தவர், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய லாரியைச் சும்மா விடுவாரா? "டேங்க் ஆயில்" என்ற வரி நோட்டிலிருந்து மறைந்தது. அந்தச் செலவை அவர் தன் பேட்டாவிலிருந்து எடுத்துக்கொண்டார்.

காட்டுச் சாலையில் நின்ற லாரியை மறுநாள் நாக்பூருக்கு இழுத்துவந்தார்கள். ஜவ்வரிசி மூட்டைகள் வேறொரு லாரிக்கு மாறின. அவசரத்துக்குக் கிடைத்த லாரி என்பதால் கேட்ட வாடகையைக் கொடுக்க வேண்டியிருந்தது. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்த பொறியாளர், கொஞ்சம் டீசலைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டீசலில் என்ன ஊற்றுகிறீர்கள்?" 40 ஆண்டுகளாக இந்தி பேசும் ஊர்களில் லாரி ஓட்டியவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை என்று சொல்ல வழியில்லை. அவர் பதில் சொல்லாமல் வெளியே போய் நின்றார்.

அறிக்கை ஆங்கிலத்தில் மகனின் கைபேசிக்குப் போனது. அவன் சேலத்தில் ரயிலேறினான். அவன் வந்து சேரும்வரை அவர் சர்வீஸ் சென்டர் வாசலிலேயே இருந்தார். உடன் வந்த மாற்று ஓட்டுநர் வாங்கிவந்த சப்பாத்தி பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. மகன் என்ன கேட்பான், அதற்கு என்ன சொல்வது என்று திரும்பத் திரும்ப யோசித்தார். கம்பெனி மீது சொல்லலாம். பங்க் மீது சொல்லலாம். மாற்று ஓட்டுநர் மீதுகூடச் சொல்லலாம்.

மகன் ஆட்டோவிலிருந்து இறங்கினான். லாரியைப் பார்க்கவில்லை. "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டான்.

"நாந்தான் சாமி ஊத்துனது" என்றார் அவர்.

"தெரியுங்கப்பா. ரிப்போர்ட்ல இருக்குது."

அதற்கு மேல் இருவரும் அன்று அதைப் பற்றிப் பேசவில்லை.

புது லாரியின் புகைக் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. தேன்கூட்டைப் போல நுண்ணிய அறைகள் கொண்ட பீங்கான் உருளை. எஞ்சின் கக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி சேர்ந்ததும் சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி அதை எரித்துவிடும். டீசலில் வரும் கரி எரிந்து காற்றாகிவிடும். எஞ்சின் ஆயில் அப்படி அல்ல. அமிலத்தை முறிக்கவும் தேய்மானத்தைத் தடுக்கவும் அதில் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் இருக்கின்றன. ஆயில் எரியும்போது அவை சாம்பலாகின்றன. கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாம்பலை அள்ளாத அடுப்பு காற்றில்லாமல் அணைந்துபோகும்.

அன்று இரவு லாட்ஜில் மகன் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினான். 1 லிட்டர் ஆயிலின் எடை ஏறக்குறைய 870 கிராம். அதில் சாம்பல் 1 சதவீதம் என்று வைத்தால் ஒரு டேங்குக்கு 8, 9 கிராம். இது சிறிய அளவுதான். ஆனால் 350 லிட்டர் டீசலுக்கு லாரி ஓடுவது 1,400 கிலோமீட்டர். அதுவரை ஓடியிருந்தது 1,60,000 கிலோமீட்டர். டீசல் போட்டது 110 முறைக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஊற்றியிருந்தால் ஏறக்குறைய 1 கிலோ சாம்பல். இன்னும் சில ஆண்டுகளுக்குக் கழற்றவே தேவையில்லாத வடிகட்டி அதனால்தான் அடைத்துக்கொண்டது.

"எல்லாத் தடவையும் ஊத்தலை கண்ணு. நம்மூர்ல ஊத்தலை" என்றார் அவர்.

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் அவர்கள் சிரித்தது அப்போதுதான்.

வடிகட்டிக்கும் இன்ஜெக்டர்களைச் சரிசெய்யவும் ஆன செலவு, லாரியின் நான்கு மாத டியூ. வாரண்டி செல்லாது என்றார்கள். எரிபொருளில் வேறு எதையும் கலக்கக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கும்போது வாதாட ஒன்றுமில்லை. ஆனால் பணத்தைவிட அவரை வேறொன்று உறுத்தியது. இத்தனை காலம் செய்தது எல்லாமே முட்டாள்தனமா? அந்த மூத்த ஓட்டுநர் சொன்னது பொய்யா? இதை மகனிடம் கேட்க முடியாது. அதைக் கேட்பதற்கு நாக்பூரில் அவருக்கு ஒருவர் இருந்தார்.

காம்டி சாலைப் பக்கம் பழைய கேலிபரேஷன் கடை வைத்திருக்கும் ஒரு சர்தார்ஜி. 1990களில் அவருடைய பம்பை நான்கைந்து முறை பிரித்து மாட்டியவர். வயது 70க்கு மேல். பழைய எஞ்சின்கள் குறைந்துவிட்டதால் கடையில் கூட்டமில்லை. டெஸ்ட் பெஞ்சின் மேல் தூசி படிந்திருந்தது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு சர்தார்ஜி ஒரு தகர டப்பாவைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தார். அவர் கழற்றிப் போட்ட பிளஞ்சர்கள். சுண்டு விரல் அளவு எஃகுத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் நகத்தால் கீறியதுபோல் கோடுகள்.

"இதெல்லாம் மண்ணெண்ணெய் குடித்துச் செத்தவை, அண்ணா" என்றார் சர்தார்ஜி. "உங்கள் பம்பு மற்றவர்களுடையதைவிடத் தாமதமாகத்தான் என்னிடம் வரும். அன்றைக்கு நீங்கள் ஊற்றியது மருந்துதான். ஆனால் என்ன நோய்க்கு மருந்து என்று நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நோய் போன பிறகும் மருந்தை நிறுத்தவில்லை."

பிறகு சர்தார்ஜி தாமாகவே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றச் சொல்லி அந்தக் காலத்தில் சிலருக்கு அவரே யோசனை சொல்லியிருக்கிறார். இலவசமாகக் கிடைப்பதாயிற்றே! அதில் கலந்திருக்கும் கரியும் உலோகத் தூளும் துணியில் நிற்காது என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. பழைய பம்பு, முரட்டுப் பிள்ளையைப் போலக் கொஞ்சம் தாங்கியது. இப்போதைய காமன் ரெயில் இன்ஜெக்டர் டீசலை 1,600 பார் அழுத்தத்துக்கும் மேல் பீய்ச்சுகிறது. அது எதையும் மன்னிக்காது. நெடுஞ்சாலைக் கடைகளில் மைலேஜ் கூடும், எஞ்சின் பலப்படும் என்று விற்கும் சிறு பாட்டில்களைப் பற்றிக் கேட்டபோது சர்தார்ஜி கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

நோய் போய்விட்டதா என்பது நியாயமான கேள்வி. மத்திய அரசு 2014 அக்டோபரில் டீசல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை விட்டது. 2016க்குப் பிறகு உஜ்வலா திட்டத்தில் கிராமங்களுக்கு எரிவாயு உருளை போனது. ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு சுருங்கியது. 2020இல் அதற்கான மத்திய மானியமும் முடிவுக்கு வந்தது. மலிவாக எடுத்து விலைக்குக் கலக்கும் அந்தப் பழைய லாபம் மறைந்தது. கலப்படமே ஒழிந்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எண்ணெய் ஊற்றுவதல்ல என்பதை மகன் அவருக்குச் சொன்னான். ஒவ்வொரு பங்க்கிலும் அன்றைய டீசலின் அடர்த்தி எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் ஜாடியில் டீசல் பிடித்து, ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் போட்டு அளந்து காட்ட வேண்டும். மண்ணெண்ணெய் டீசலைவிட எடை குறைந்தது. கலந்தால் அடர்த்தி இறங்கும். வெப்பநிலைக்கு ஈடுசெய்த பிறகு, பதிவேட்டில் உள்ள அளவுக்கும் இதற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த டீசலைச் சந்தேகிக்கலாம்.

"கேட்டா அளந்து காட்டுவாங்களா?" என்று அவர் நம்பாமல் கேட்டார்.

"கேட்டுப் பாருங்கப்பா."

லாரி தயாராகி, நாக்பூரில் ஆரஞ்சு லோடு கிடைத்துத் தெற்கே திரும்பியபோது ஆதிலாபாத்துக்கு முன்னால் ஒரு பங்க்கில் டீசல் போட நிறுத்தினார்கள். பழக்கத்தில் அவருடைய கை இருக்கையின் பின்பக்கம் போனது. பிறகு வெறும் கையோடு இறங்கி, மேனேஜர் அறைக்கு நடந்தார். 44 ஆண்டு லாரி வாழ்க்கையில் பங்க் மேனேஜர் அறைக்குள் அவர் நுழைந்தது அதுவே முதல் முறை. அடர்த்தி பார்க்க வேண்டும் என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியதை மகன் கவனித்தான். மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார். யார் என்ன கேட்டார்கள், எதற்கு என்று இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு பையனைக் கூப்பிட்டு ஜாடியை எடுத்துவரச் சொன்னார்.

ஹைட்ரோமீட்டர் ஜாடிக்குள் மெல்ல ஆடி அடங்கியது. மகன் அட்டவணையைப் பார்த்துச் சரிபார்த்தான். வித்தியாசம் 1 கிலோகூட இல்லை. அவர் ஜாடியைத் தம் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். டீசலில் ஒரு விரலை நனைத்துத் தேய்த்து, முகர்ந்தும் பார்த்துக்கொண்டார்.

கேன் இன்னும் லாரியில்தான் இருக்கிறது. ஜாக்கிக்கும் பின்கதவுக் கீலுக்கும் அதிலிருந்து ஆயில் விடுகிறார். பங்க்கில் சில இடங்களில் அளந்து காட்டுகிறார்கள். சில இடங்களில் ஜாடி உடைந்துவிட்டது என்கிறார்கள். அங்கே டீசல் போடாமல் கிளம்பிவிடுகிறார். கணக்கு நோட்டில் "டேங்க் ஆயில்" இருந்த இடத்தில் இப்போது ஊர்ப் பெயரும் அதன் எதிரே ஓர் எண்ணும் இருக்கின்றன. 831, 828, 833 என்று அவருடைய கோணல் கையெழுத்தில் வரிசையாகப் போகின்றன அந்த எண்கள். மாதக் கடைசியில் மகன் அதைச் சரிபார்த்து, கீழே கையெழுத்துப் போடுகிறான்.